ஹெல்மிக்கு மெத்தென்று நாலு டயர்

டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்ததும் ஆர்விட் கொஸ்கி பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்து, "நீ ஒண்ணும் சொல்லாதே" என்றார்.

ஹெல்மி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஜனவரியிலேயே இறந்துபோயிருந்தாள். இப்போது சாம்பல் கலசத்துக்குள் இருந்தாள். கலசத்தைச் சுற்றி அவளுடைய நீலக் கம்பளிச் சால்வை, அதற்கு மேல் சீட் பெல்ட்.

ஜனவரியில் போனவர்களை அமெரிக்காவின் இந்த வடகோடியில் ஜனவரியிலேயே மண்ணுக்குக் கொடுக்க முடியாது. தரை இரும்பாக இறுகிக் கிடக்கும். பனி உருகி, மண்வெட்டி இறங்குகிற மே மாதம்வரை செத்தவர்களும் காத்திருக்க வேண்டும், இருப்பவர்களும் காத்திருக்க வேண்டும். ஹெல்மி சமையலறை ஜன்னலோரத்தில் காத்திருந்தாள். ஆர்விட் அவளுக்குத் தினமும் காலையில் வணக்கம் சொல்லிவிட்டுக் காபியைத் தீய்த்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்குத்தான் அவள் முறை. சுபீரியர் ஏரிக்கரையில் அவள் பிறந்த கிராமம். அங்கே அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் இடம். மத்தியானம் இரண்டு மணிக்கு அடக்கம். வீடு இருக்கும் எஸ்கனாபாவிலிருந்து மூன்றரை மணி நேரப் பயணம். ஆர்விட் ஒன்பது மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டார். அவர் வாழ்க்கையில் எங்கேயும் தாமதமாகப் போனதில்லை. இரும்புத் தாது ஏற்றும் ரயிலை முப்பது வருடம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். ரயிலை விட்டு இறங்கினாரே தவிர, ரயில் அவரை விட்டு இறங்கவில்லை. வீட்டில் ஒண்ணுக்குப் போய்விட்டுக் காரில் ஏறினால், அடுத்தது போய்ச் சேருகிற இடத்தில்தான். நடுவில் நிற்பது என்ற பேச்சே கிடையாது.

அதனால்தான் எட்டு வருடத்துக்கு முன் இந்தப் பச்சைக் காரை வாங்கினார். விற்க வந்தவன் என்னென்னவோ சொன்னான். ஆர்விட் காதில் விழுந்தது ஒன்றுதான். "இது ரன்-பிளாட் டயர் சார். ஆணி குத்திக் காத்து மொத்தமா போயிட்டாலும் ஐம்பது மைல் நிக்காம போகலாம். இந்த வண்டிக்கு ஸ்டெப்னியே கிடையாது, வைக்க இடமும் கிடையாது."

நிற்காமல் போகலாம் என்றானே, அத்தோடு சரி. அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆனால் அந்த டயர் கல் மாதிரி. காற்று போனாலும் வண்டியைத் தாங்க வேண்டுமே, அதனால் பக்கமெல்லாம் விறைப்பாக இருக்கும். ரோட்டில் எறும்பு படுத்திருந்தாலும் இடுப்பில் தெரியும். ஹெல்மியின் இடுப்பு ஏற்கெனவே கெட்டுப்போன இடுப்பு.

"பலகை மேல உக்காந்து போற மாதிரி இருக்கு ஆர்விட். சாதா டயர் மாத்திக்கலாமே."

"மாத்தினா? ஒரு பஞ்சர் ஆச்சுன்னா நடுரோட்டுல நிப்பியா?"

"நின்னாத்தான் என்ன?"

நின்னாத்தான் என்னவாம். இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியுமா? ஆர்விட் சொன்னதில்லை. வழியில் ஓர் அருவி இருக்கிறதென்று பலகை வரும். "அந்த அருவிய ஒரு தடவை பாக்கலாமா?" என்பாள். "அடுத்த தடவை" என்பார். ஏரி தெரிகிற இடத்தில், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடுகிற பேஸ்டிக் கடை ஒன்று வரும். "அங்க ஒரு பேஸ்டி வாங்கிச் சாப்பிடலாமா?" என்பாள். "வீட்டுலயே நீ நல்லா செய்றியே" என்பார். அதைப் பாராட்டு என்று வேறு நினைத்துக்கொள்வார்.

அவள் போன பிறகு அந்த மூன்று மாதத்தில் அவருக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. வாழ்நாளெல்லாம் அவள் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு மெத்தென்ற டயர். கடைசிப் பயணத்திலாவது அவள் குலுங்காமல் போகட்டும் என்று முடிவு பண்ணினார். ஏப்ரலில் ஜீனோ பெர்லாவின் டயர்க் கடைக்குப் போனார்.

"இந்தக் கல்லையெல்லாம் கழட்டு ஜீனோ. மெத்துனு நாலு மாட்டு. ஹெல்மி வருஷக்கணக்கா கேட்டா. நான்தான் காது குடுக்கல."

ஜீனோ குனிந்து டயரைப் பார்த்தான். அப்புறம் ஆர்விட்டைப் பார்த்தான். வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. தேஞ்சுதான் போயிருக்கு. மாத்த வேண்டியதுதான்."

மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிற வழியிலேயே ஆர்விட்டுக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. அடேயப்பா, என்ன ஒரு மென்மை. வெண்ணெயில் கத்தி போவது மாதிரி போயிற்று. தபால்காரரிடம் சொன்னார், சர்ச்சில் சொன்னார், ஹெல்மியின் அக்கா லெம்பிக்குப் போன் பண்ணிச் சொன்னார். "ராத்திரிக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம் லெம்பி. இத்தனை வருஷம் அவள எதுல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கேன்னு நெனச்சா எனக்கே வெக்கமா இருக்கு."

"இப்பவாவது வந்துச்சே வெக்கம்" என்றாள் லெம்பி.

அந்த மெத்தென்ற நாலில் ஒன்றுதான் இப்போது மூச்சை விட்டுக்கொண்டிருந்தது.

*

ஆர்விட் ஓரங்கட்டி நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால், முன்பக்கம் வலது டயரில் ஆணி. தலை மட்டும் பளபளவென்று தெரிந்தது. தலையை நிமிர்த்தினார். எதிரே மரப்பலகை. அருவிக்குப் போகும் வழி என்று அம்புக்குறி.

"வேணும்னே பண்றியா?" என்று காரைப் பார்த்துக் கேட்டார்.

டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னி இல்லை, ஜாக்கி இல்லை. இருந்ததெல்லாம் ஹெல்மியின் பிரம்புக் கூடைதான். எங்கே கிளம்பினாலும் அந்தக் கூடையைத் தூக்கி டிக்கியில் வைப்பாள். "எங்கயும் நிக்கப்போறதில்ல, இது எதுக்கு?" என்பார் இவர். "இருக்கட்டும்" என்பாள். அவள் போன பிறகு அதை எடுக்க இவருக்கு மனம் வரவில்லை.

இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கூடையைத் திறந்து பார்த்தார். மடக்கு முக்காலி இரண்டு. பிளாஸ்க். கோப்பை இரண்டு. லவங்கப்பட்டை தூவிய ரஸ்க் ஒரு டப்பா. இதெல்லாம் சரி. அடியில் கைக்கடக்கமாக ஒரு காற்றடிக்கும் பம்ப் இருந்தது, காரில் சொருகி ஓட்டுகிறது.

பஞ்சரே ஆகாத வண்டிக்கு இவள் எதற்குப் பம்ப் வாங்கினாள்? பாவம், இவளுக்கு டயரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டார்.

பம்பைச் சொருகிக் காற்றடித்திருந்தால் ஆணி குத்தியபடியே மெதுவாகப் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் ஆர்விட் இத்தனை வருடம் பஞ்சரே பார்க்காத மனுஷன். ஆணி இருப்பதால்தானே காற்று போகிறது, ஆணியை எடுத்துவிட்டால் நின்றுவிடும் என்று நினைத்தார். முன்பெட்டியில் கிடந்த இடுக்கியால் பிடித்து இழுத்தார். ஆணி வந்தது. ஆணிக்குப் பின்னாலேயே மிச்சக் காற்றும் மொத்தமாக வந்தது.

அப்போது போன் அடித்தது. லெம்பி.

"எங்க இருக்கே?"

"வந்துக்கிட்டே இருக்கேன்."

"வண்டிச் சத்தமே கேக்கலியே."

"நின்னுக்கிட்டு இருக்கேன்."

"ஆர்விட், உனக்கு உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று லெம்பி கேட்டாள். குரலில் நிஜமாகவே பயம் இருந்தது.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. பஞ்சர்."

"வெண்ணெய் வெண்ணெய்னு சொன்னியே, உருகிடுச்சா? இங்க பார், பாஸ்டருக்கு மூணு சர்ச். நாலு மணிக்கு அவரு இன்னொரு ஊர்ல இருக்கணும். இன்னைக்கு விட்டா அப்புறம் ஜூன்லதான் தேதியாம். என் தங்கச்சி நாலு மாசமா ஜன்னல்ல உக்காந்திருக்கா. இன்னும் ஒரு மாசம் உக்கார வெக்காதே."

"வந்துடுவேன்."

"கல்யாணத்தன்னைக்கு நாங்க பத்து நிமிஷம் லேட்டுன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டே இல்ல? நான் மறக்கல" என்று சொல்லிவிட்டு லெம்பி வைத்துவிட்டாள்.

*

இந்தப் பக்கத்து ரோடுகளில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஓரமாக நின்றால், அடுத்து வருகிறவர் நின்றே ஆகவேண்டும். தெரிந்தவரா தெரியாதவரா என்பதெல்லாம் இல்லை. பனிக்காலத்தில் நிற்காமல் போனால் உயிர் போகும். அந்தப் பழக்கம் மே மாதத்திலும் விடுவதில்லை. நிற்காமல் போவதில் பேர்போன ஆர்விட்கூட, ரோட்டில் யாராவது தவித்து நின்றால் மட்டும் நின்றுவிடுவார். ஹெல்மி அதைச் சொல்லிக் கேலி பண்ணுவாள். "ஊரார் வண்டி கெட்டாத்தான் எனக்குக் காலை நீட்டக் கிடைக்குது" என்பாள்.

இப்போது நின்றது ஒரு குட்டை அம்மாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவளாம், பெயர் வெர்னா. இறங்கும்போதே கையில் ஒரு தகர டப்பாவோடுதான் இறங்கினாள்.

"பஞ்சர் மருந்து. உள்ள பீச்சினா ஓட்டைய அடைச்சிடும். என் வீட்டுக்காரரு வாங்கி வெச்சது."

"எப்ப?"

"அவரு இருந்தப்ப."

டப்பாவில் பாதி எழுத்துத் துருவில் போயிருந்தது. ஆர்விட் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வெர்னா வால்வில் குழாயை மாட்டி அமுக்கிவிட்டாள். எத்தனையோ குளிர்காலம் உறைந்து இளகிய அந்த மருந்து, டயருக்குள் போன வேகத்திலேயே ஆணி ஓட்டை வழியாக வெளியே வந்தது. எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ஆர்விட்டின் கறுப்பு சூட்டில் கழுத்துப் பட்டையிலிருந்து முழங்கால்வரை வெள்ளை நுரை.

"அடைக்கிது பாருங்க" என்றாள் வெர்னா.

"என்னைத்தான் அடைச்சிருக்கு."

"துடைக்காதீங்க, பரவிடும்."

அதற்குள் துடைத்துவிட்டார். பரவிவிட்டது. சவ அடக்கத்துக்குப் போகிறவர் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு வந்தவர் மாதிரி ஆகிவிட்டார்.

ஆனால் என்ன ஆச்சரியம், நுரை கொஞ்ச நேரத்தில் கெட்டியாகி ஓட்டையை ஒருமாதிரி பிடித்துக்கொண்டது. ஹெல்மியின் பம்பைச் சொருகினார்கள். அது கொசு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு மெல்ல மெல்லக் காற்றை ஏற்றியது.

"இது ஏற நேரமாகும். அருவி கூப்பிடு தூரம்தான். பனி உருகி வர்ற தண்ணி, இப்பத்தான் நல்லாயிருக்கும். உங்க மிஸஸையும் கூட்டிட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க, நான் வண்டியப் பாத்துக்கறேன்" என்றாள் வெர்னா. "எங்க அவங்க? சால்வை தெரிஞ்சுதே."

"உள்ளதான் இருக்கா."

வெர்னா ஜன்னலில் குனிந்து பார்த்தாள். பிறகு தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கங்க."

"பரவாயில்ல. அவளுக்கு இந்த அருவிய பாக்கணும்னு ஆசை."

"அப்ப காட்டிட்டு வாங்களேன்."

"நேரமில்லம்மா" என்றார் ஆர்விட். சொல்லிவிட்டு மரங்களுக்குப் பின்னால் கேட்கிற தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். எத்தனை வருடம் இந்த வழியில் போயிருப்பார். கார்க் கண்ணாடி ஏற்றியே இருந்ததால் அந்தச் சத்தம் இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதென்றே அவருக்குத் தெரியாது. பக்கத்துக் கதவின் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

*

பத்துப் பன்னிரண்டு மைல் வந்திருப்பார். மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது.

இங்கேதான் பழக்கதோஷம் வேலையைக் காட்டியது. அருவியடியில் நின்றது போதும் என்ற எரிச்சல், லெம்பியின் வாய், கடிகாரத்தில் ஓடுகிற நேரம், எல்லாம் சேர்ந்ததில் ஆர்விட்டின் வாயில் எட்டு வருடமாகச் சொல்லிப் பழகிய வசனம் தானாக வந்தது.

"எரியட்டும் விடு. ஐம்பது மைல் போகலாம்."

போனார். வண்டி வலது பக்கம் இழுத்தது. போனார். அடியில் யாரோ ஈரத்துணியைத் துவைப்பது மாதிரி சத்தம் வந்தது. "சும்மா இரு ஹெல்மி, இதுக்குத்தானே இந்த டயரே" என்றார். அப்புறம் ரப்பர் தீய்கிற நாற்றம் வந்தது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியபோதுதான், இந்த டயர் அந்த டயர் இல்லை என்பதும், அந்த டயரைக் கழற்றச் சொன்னது தான்தான் என்பதும் அவருக்கு ஞாபகம் வந்தது.

உருட்டிக்கொண்டே போய், முதலில் தென்பட்ட கருங்கல் ஜல்லி போட்ட இடத்தில் நிறுத்தினார். டயர் நார் நாராகத் தொங்கியது. இனி எந்த மருந்துக்கும் வேலை இல்லை.

நிமிர்ந்து பார்த்தார். பேஸ்டிக் கடை.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கீழே ஏரி, கரையோரம் இன்னும் கொஞ்சம் பனிக்கட்டி, மேலே இந்தக் கடை. ஹெல்மி கேட்ட அதே கடை. வாசலில் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். ஆர்விட்டைப் பார்க்கவில்லை, காரைத்தான் பார்த்தாள்.

"பச்சைக் கார்" என்றாள். "கடைசியா நின்னுட்டீங்களா?"

"என்னைத் தெரியுமா?"

"உங்களத் தெரியாது. பக்கத்துல உக்காந்து வருவாங்களே ஒரு வெள்ளை முடி அம்மா, அவங்களத் தெரியும். ஒவ்வொரு தடவை போறப்பவும் ஜன்னல்லேருந்து கை காட்டுவாங்க. நானும் காட்டுவேன். இன்னைக்காவது நிப்பாங்களான்னு பாப்பேன். எங்க, நீங்கதான் பறப்பீங்களே."

அவள் பெயர் இர்மா. ஆர்விட் அவளிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் கை துடைப்பதை நிறுத்திவிட்டாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் ஆர்விட்டால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து ஹெல்மி யாருக்கோ கை காட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜீனோவுக்குப் போன் பண்ணினார். "ஜீனோ, பஞ்சர்."

"பஞ்சர்தானா? நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டான். டயர்க் கடைக்காரன் கேட்கிற கேள்வியா இது?

"டயரே இல்ல. நார்தான் இருக்கு. ஏரி தெரியுமே, அந்த பேஸ்டிக் கடை வாசல்ல நிக்கிறேன். யாரையாவது அனுப்பு."

"நானே வரேன். நானும் அந்தப் பக்கம்தான் வந்துக்கிட்டு இருக்கேன். அடக்கத்துக்கு."

"அடக்கத்துக்கா? நீயா?" டயர்க் கடைக்காரன் இவ்வளவு தூரம் எதற்கு வருகிறான் என்று ஆர்விட்டுக்குப் புரியவில்லை. "சரி, எவ்வளவு நேரத்துல வருவே?"

ஜீனோ யோசித்தான். "ஒரு மணி நேரம்" என்றான். "ஒரு மணி நேரம் ஆகும், மிஸ்டர் கொஸ்கி. உக்காருங்க."

அடுத்து லெம்பி. திட்டு வாங்கத் தயாராகக் காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளியே பிடித்துக்கொண்டார். லெம்பி திட்டவில்லை.

"எங்க நிக்குது?"

"பேஸ்டிக் கடை."

"அவ சொல்லுவாளே, அந்தக் கடையா?" லெம்பியின் குரல் இறங்கிவிட்டது. "பாஸ்டர்கிட்ட பேசறேன். இங்க ஹாம் ரொட்டி இருக்கு, காபி இருக்கு. ஆளை எப்படிப் பிடிச்சு வெக்கறதுன்னு எனக்குத் தெரியும். நீ மெதுவா வா."

மெதுவா வா என்று ஆர்விட்டிடம் சொன்ன முதல் ஆள் லெம்பிதான். அதாவது, ஹெல்மிக்கு அப்புறம்.

செய்ய ஒன்றும் இல்லை. இப்படி ஒரு நிலைமை அவருக்கு வந்ததே இல்லை. காரைச் சுற்றி வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி சுற்றி வந்தார். அப்புறம் டிக்கியைத் திறந்து கூடையை எடுத்தார். முக்காலி இரண்டையும் ஏரியைப் பார்த்த மாதிரி விரித்தார். ஒன்றில் ஹெல்மியைச் சால்வையோடு வைத்தார். இன்னொன்றில் தான் உட்கார்ந்தார். இர்மா பிளாஸ்கை வாங்கிக்கொண்டுபோய்ச் சூடாகக் காபி நிரப்பிக் கொண்டுவந்தாள். தட்டில் ஒரு பேஸ்டி, நடுவில் வெட்டி, உள்ளே இறைச்சியும் உருளைக்கிழங்கும் ஆவி பறக்க.

ஆர்விட் கோப்பை இரண்டிலும் ஊற்றினார். ரஸ்க்கை நனைத்துத் தின்றார். அது ஜனவரிக்கு முந்தின ரஸ்க், காபியில் ஊறினாலும் கடிக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"உன் பேஸ்டிதான் நல்லாயிருக்கும்" என்றார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு. கொஞ்சம் யோசித்து, "ஆனா இதுவும் நல்லாத்தான் இருக்கு. கேட்டப்பவே நின்னிருக்கலாம்" என்றார்.

காற்று சால்வையின் ஓரத்தைத் தூக்கியது. ஆர்விட் அதை இழுத்துச் சொருகிவிட்டார். அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நுரை காய்ந்த சூட்டில், வாயில் ரஸ்க்கோடு, ஒரு கிழவர் ஏரியைப் பார்த்து அழுவதைப் பார்த்து, அந்த வழியாகப் போன மூன்று கார்க்காரர்கள் வண்டியை நிறுத்தி, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். மூன்று பேரிடமும் "பஞ்சர்தான்" என்றார்.

இர்மா தட்டை எடுக்க வந்தவள் ரோட்டைக் காட்டினாள். "அந்த வளைவுல ஒரு சாமான் வேன் ரொம்ப நேரமா நின்னுக்கிட்டே இருக்கு. யாராவது மாட்டிக்கிட்டாங்களா? ஆள அனுப்பவா?"

ஆர்விட் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வெயிலில் கண்ணாடி மட்டும் மின்னியது. "மீன் பிடிக்க வந்தவனா இருப்பான்" என்றார். அவருக்கு ஏரியிலிருந்து கண்ணை எடுக்க மனமில்லை. அவர் காபியைக் குடித்து முடித்தார். பிறகு ஹெல்மியின் கோப்பையையும் எடுத்து, ஆறிப்போனதைக் குடித்து முடித்தார்.

அப்போது அந்த வண்டி கிளம்பி வளைவைத் திரும்பி நேராகக் கடைக்கு வந்தது. கதவில் ஜீனோவின் பெயர். ஜீனோ சூட் போட்டுக்கொண்டு, கழுத்தில் டை கட்டிக்கொண்டு இறங்கினான். பின்னாலிருந்து ஒரு சக்கரத்தை இறக்கினான். ஜாக்கி போட்டான், கழற்றினான், மாட்டினான். பத்து நிமிஷ வேலை. போன் அடித்தது, லெம்பி. பாஸ்டர் மூன்றாவது ஹாம் ரொட்டியில் இருக்கிறாராம், மூன்றேகால்வரை எழுந்திருக்க மாட்டாராம். இப்போது கிளம்பினால் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஆர்விட் ஹெல்மியைத் தூக்கி சீட்டில் வைத்து பெல்ட் போட்டார். கூடையை டிக்கியில் வைக்கப் போனவர், புதிதாக மாட்டிய சக்கரத்தைப் பார்த்து நின்றார். டயர் புதுசு. ஆனால் மேலே தூசி படிந்து கிடந்தது. பக்கவாட்டில் சுண்ணாம்புக் கட்டியால் 'கொஸ்கி' என்று எழுதி, அதுவும் மங்கிப்போயிருந்தது.

"இது எப்ப எழுதினது?"

"நாலு வருஷமா என் வண்டியிலதான் கிடக்குது."

"நான் டயர் மாத்தினதே போன மாசந்தானே?"

ஜீனோ நட்டுகளை இன்னொரு தடவை இறுக்கினான். அவை ஏற்கெனவே இறுகித்தான் இருந்தன.

"அந்த வளைவுல நின்னுக்கிட்டு இருந்தது நீதானா?" என்றார் ஆர்விட்.

"நான்தான்."

"ஏன்டா, நான் என் பொண்டாட்டிய மண்ணுக்குக் கொடுக்கப் போய்க்கிட்டு இருக்கேன். நேரம் போகுதுன்னு தவிக்கிறேன். நீ அங்க நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தியா?"

"வேடிக்கை பாக்கல, மிஸ்டர் கொஸ்கி. வாக்குக் கொடுத்திருந்தேன்."

"யாருக்கு?"

ஜீனோ எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். பக்கத்து சீட்டில் இருந்த நீலச் சால்வையை ஒரு தடவை பார்த்தான்.

"ஏப்ரல்ல நீங்க கல்லுனு சொல்லிக் கழட்டச் சொன்னது ரன்-பிளாட்டே இல்ல, நாலு வருஷம் முன்னாடி நீங்க மான் வேட்டைக்குப் போயிருந்த வாரத்துலயே ஹெல்மி என்கிட்ட வந்து நாலையும் சாதா டயரா மாத்திக்கிட்டுப் போயிட்டாங்க, போறப்ப, 'என்னைக்காவது ஆர்விட் பஞ்சர்னு கூப்பிட்டா உடனே வந்துடாதே ஜீனோ, நாங்க ரெண்டு பேரும் காபி குடிச்சு முடிக்கட்டும்'னு சொல்லிட்டுப் போனாங்க."